நூற்றெழுபத்தொரு ரூபாய் ஆறணா

1954ஆம் வருஷம் சித்திரை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ராசப்பன், தன்னுடைய டூரிங் சைக்கிளுக்கு முந்நூற்றுப் பத்து ரூபாய் விலை சொன்னான். சொல்லி வாயை மூடுவதற்குள் சைக்கிள் தரையிலிருந்து முக்கால் முழம் எழும்பி நின்றது. கடையில் அப்போது அவனைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். விலை கேட்டவர் திருச்சி பெரிய கடை வீதியில் அத்தர் வியாபாரம் செய்த ஹபீபுல்லா. தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொள்ள வந்தவர் சப் போஸ்ட்மாஸ்டர் சடகோபன். மூன்றாவது ஆள் ராசப்பனின் மனைவி சந்திரம்மாள். அவள் குனிந்து சைக்கிளுக்கு அடியிலும், நிமிர்ந்து உத்தரத்திலும் பார்த்தாள். கயிறு எதுவும் இல்லை. ஹபீபுல்லா தலையில் குல்லாயைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, விலை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

அந்த சைக்கிளின் பூர்வீகம் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பச்சைமலையை அளக்க வந்த வெள்ளைக்கார சர்வேயர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. பின்சக்கரத்தின் அச்சைச் சுற்றியிருந்த குடத்துக்குள்ளேயே மூன்று வேகம் வைத்திருந்தது. மேடு ஏறும்போது கைப்பிடியில் இருந்த சின்ன விசையைத் தள்ளினால் மிதி லேசாகிவிடும். முன்னும் பின்னும் மூட்டை கட்டக் கேரியர், டைனமோ விளக்கு, தோல் சீட்டு. துரை சீமைக்குத் திரும்பியபோது அதை உப்பிலியபுரத்தில் தான் தங்கியிருந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். பல கைகள் மாறி, 1951இல் ராசப்பன் அதைப் பார்த்தபோது, அது வீரமலை என்கிற சம்சாரியின் சோளக்கொல்லையில் பொம்மையாக நின்றுகொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் கிழிந்த சட்டை மாட்டி, சீட்டின் மேல் சட்டியைக் கவிழ்த்து, சட்டியில் சுண்ணாம்பால் கண் மூக்கு எழுதியிருந்தார்கள். ராசப்பனும் அந்த ஊர்க்காரன்தான்; வீரமலை அவனுக்குச் சித்தப்பா முறை. "எடுத்துக்கிட்டுப் போ, வேண்டாங்கல. ஆனா கிளிக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்று அவர் கேட்டார். ராசப்பன் தான் போட்டிருந்த காக்கிச் சட்டையைக் கழற்றி ஒரு மூங்கிலில் மாட்டி நட்டுவிட்டு, பனியனோடு துறையூர் பஸ்ஸில் ஏறி, சைக்கிளைப் பஸ்ஸின் தலைமேல் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அதைச் செப்பம் செய்ய அவனுக்கு இரண்டரை வருஷம் பிடித்தது. துருவை மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தே ஒரு மழைக்காலம் போனது. கோணியிருந்த சட்டத்தைப் பாலக்கரையில் ஒரு பட்டறைக்கு நான்கு முறை தூக்கிக்கொண்டு போய் நிமிர்த்தினான். எழுபத்திரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கோத்து முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்பான். சத்தத்தில் ஒரு நூல் பிசகு தெரிந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவான். பின்குடத்துக்குள் ஒடிந்துபோயிருந்த மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங்கு ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை. ஓடாத கடிகாரம் ஒன்றை வாங்கி அதன் வயிற்றிலிருந்து எடுத்து வளைத்துப் பொருத்தினான். தோல் சீட்டை விளக்கெண்ணெயில் ஊறவைத்தான். கரும்பச்சை வண்ணம் ஏழு பூச்சு பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து, கடைசியில் சட்டத்தின் நீளத்துக்கும் ஒரே மூச்சில் தங்கக் கோடு இழுத்தான். முடிந்ததும் அதைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டான். வாடகைக்குக் கிடையாது, தொட்டுப் பார்க்கக் கிடையாது. சந்திரம்மாள் கூட்டும்போது தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும் என்று உத்தரவு.

அப்படிப்பட்டதை அவன் கீழே இறக்கி விலை சொன்னதற்குக் காரணம் ஒரு கடிதம். சந்திரம்மாள் துறையூரில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி நான்கு வருஷம் கடையில் உட்கார்ந்து வாடகைக்குப் போகும் சைக்கிள்களின் நேரத்தைக் குறித்துவந்தவள், பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வாத்தியார் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று அவள் அதைக் கணவனிடம் நீட்டிவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராசப்பன் இரண்டு முறை படித்தான். பள்ளிக்கூடச் சம்பளமும் புத்தகமும் தொண்ணூறு ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஹாஸ்டல் இருநூற்றிருபது, ஆக முந்நூற்றுப் பத்து. "சரி" என்றான். மறுநாள் உத்தரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தான். சைக்கிளின் விலை அப்படித்தான் முந்நூற்றுப் பத்து ஆனது.

மிதந்த சைக்கிளை ராசப்பன் கையால் அழுத்திப் பார்த்தான்; அது தெப்பம்போல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. ஹபீபுல்லா பதறவில்லை. நல்ல அத்தரை மூக்கிலேயே எடைபோடுகிறவர் அவர்; பொருள் பேசும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. "கொஞ்சம் இறங்கி வாங்க தம்பி" என்றார். ராசப்பன் இருநூற்றைம்பது என்றான். சைக்கிள் ஒரு சாணுக்கு இறங்கியது. இருநூறு என்றான், நாலு விரல்கடைக்கு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சடகோபன், "நூற்றைம்பதுன்னு சொல்லிப் பாரும், என்ன பண்றதுன்னு பார்ப்போம்" என்றார். சொன்னதும் சைக்கிள் தொப்பென்று தரையில் விழுந்து, ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் இரண்டு விரல் ஆழம் பதிந்துவிட்டது. தெருவில் போன நான்கு பேர் வந்து தூக்கியும் அசையவில்லை. விலை அதிகமானால் மிதக்கிறது, குறைந்தால் கனக்கிறது என்பது அதற்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டதால், மேற்கொண்டு ஆச்சரியப்படுவதில் யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. நூற்றெண்பது, நூற்றறுபது, நூற்றெழுபத்தைந்து என்று மேலும் கீழுமாக விலை சொல்லிக்கொண்டே போனார்கள். நூற்றெழுபத்திரண்டில் முன்சக்கரம் மட்டும் ஒரு நூல் மேலே நின்றது. பிறகு அணாக் கணக்கில் இறங்கினார்கள். மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு, நூற்றெழுபத்தொரு ரூபாய் ஆறணா என்று ராசப்பன் சொன்னபோது, இரண்டு டயரும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு அமைதியாயின. "பெருமாள் சங்கல்பம். வஸ்துவோட யதார்த்தம் இதுதான்" என்று சடகோபன் கைகூப்பினார்.

ஹபீபுல்லா சந்தோஷமாகப் பணப்பையை எடுத்தார். ராசப்பன் முகம் சிறுத்துப்போய், "விக்கல பாய். மன்னிச்சுக்குங்க" என்றான். தன் கையால் ஆளாக்கிய வண்டி, நாலு பேர் முன்னால் தன்னைப் பொய்யன் என்று காட்டிவிட்டதே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அவன் அதன் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டரை வருஷம், ஏழு பூச்சு, கடிகார ஸ்பிரிங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றெழுபத்தொன்று, போனால் போகிறது என்று ஆறணா! சந்திரம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அது மேல என்ன தப்பு? நீங்க சொன்னது என் படிப்போட விலை. அதைத் தூக்கி அதுந் தலையில வச்சா, அது எப்படித் தாங்கும்?"

"அப்போ படிப்புக்கு என்ன பண்றது?"

"அதுல முக்காவாசி ஹாஸ்டலுக்குத்தான். நான் எதுக்கு ஹாஸ்டல்ல இருக்கணும்? தினம் போயிட்டு வரேன்."

டிரெயினிங் ஸ்கூல் கண்டோன்மெண்டைத் தாண்டி இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும்; பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் ஹாஸ்டலிலேயே இருந்துவிடலாம். ராசப்பன் அதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகவாயை லேசாகத் திருப்பி, சுவரோரம் நின்ற பச்சை சைக்கிளைக் காட்டினாள். அவன் அதன் தோல் சீட்டைப் பார்த்தான். அதுவரை அந்த சீட்டில் அவனேகூட உட்கார்ந்ததில்லை. கடைசியில், "கத்துக்கணுமே" என்றான். அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவள் சிரித்தது அவனுக்குத் தெரியும், முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

வாடகை சைக்கிள்களில் இரண்டை நாற்பத்தைந்து ரூபாய் வீதம் விற்று அவன் தொண்ணூறு ரூபாயைக் கட்டினான். அந்த இரண்டும் விலை பேசும்போது தரையிலேயே நின்றன. வைகாசி மாதம் முழுவதும் விடியற்காலையில் கொள்ளிடக்கரைப் பாதையில் சந்திரம்மாள் சைக்கிள் பழகினாள். முதல் நாள் அவள் ஏறி உட்கார்ந்ததும் ராசப்பன் "இருநூறு ரூபா" என்றான். சைக்கிள் நாலு விரல் எழும்பியது. தரையைத் தொடாத சைக்கிளிலிருந்து யாரும் சறுக்கி விழுவதில்லை என்பதால் அவள் பயமில்லாமல் மிதித்தாள். சக்கரம் வெறும் காற்றில் சுற்றினாலும் வண்டி முன்னே போனது. ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நாளுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டே, கூடவே ஓடிவந்தான். முப்பதாவது நாள் அவள் நெடுந்தூரம் போய்த் திரும்பி வந்து, "இன்னிக்கு என்ன, குலுங்குது?" என்று கேட்டபோது, அவள் அரை மைலாகத் தரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் சொன்னான். அவள் உடனே விழுந்தாள். பிறகு எழுந்து ஏறி, வீடு வரை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

ஆனி மாதத்திலிருந்து சந்திரம்மாள் தினமும் காலை ஏழேகாலுக்கு மாம்பழச் சாலை வழியாகக் காவிரிப் பாலத்தில் ஏறினாள். முதல் வாரம் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம், ராசப்பனுக்குச் சோறு போட யாருமில்லையாம் என்று பேசினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவள் போகிற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். அவள் புடவை மாட்டிக்கொள்ளாமல் இருக்க ராசப்பன் செயினுக்குத் தகரத்தில் மூடி செய்து போட்டான்; அதற்கும் பச்சை வண்ணம், தங்கக் கோடு. வழியில் சேறு தேங்கியிருந்தால் அவள் மெதுவாக "இருநூற்றிருபது" என்பாள், மேலாகக் கடந்து போய்விடுவாள். விளையாட்டுக்கு விலை சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே கட்டுப்பாடு. ஆனால் மற்றவர்கள் வாயைக் கட்ட முடியாதே. ஒருமுறை பாலத்தைத் தாண்டிச் சிந்தாமணிக் கடைத்தெருவில் யாரோ ஒரு ஆள், "பழைய இரும்பு, பத்து ரூபா பெறுமா?" என்று சொல்லிவிட்டுப் போக, வண்டி நடுச்சாலையில் தார் உருகும்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. சந்திரம்மாள் என்ன விலை சொல்லியும் ரோஷத்தில் அது அசையவில்லை. சொன்னவரைத் தேடிப் பிடித்து வந்து வாபஸ் வாங்கச் செய்யும் வரை ஒரு மாட்டுவண்டி, மூன்று லாரி, ஒரு கல்யாண ஊர்வலம் எல்லாம் காத்துக்கிடந்தன. அதற்குப் பிறகு அவள் வரும்போது அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் கத்தரிக்காய்க்குக்கூட விலை சொல்லாமல் விரலைக் காட்டினார்கள்.

1955ஆம் வருஷம் ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் மழை பெய்தது. ஏழாவது நாள் காலை, இன்ஸ்பெக்டர் முன்னால் சந்திரம்மாள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அன்று நடத்தாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். மாம்பழச் சாலைக்கும் பாலத்துக்கும் நடுவே, இருநூறு அடி நீளத்துக்குச் சாலையின் மேல் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. பஸ் நின்றுவிட்டது. பரிசல்காரர்கள், இழுப்பு சரியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ஜனங்கள் ஐம்பது அறுபது பேர் குடையோடு நின்றார்கள். அந்தப் பக்கம் பாலத்தின் மேல் திருச்சியிலிருந்து வந்தவர்கள், போகவழியில்லாமல் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஹபீபுல்லா, கையில் அத்தர்ப் பெட்டி. ராசப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மனைவியோடு வந்தான். தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?" என்று கேட்டான். சந்திரம்மாள் புடவையை இழுத்துச் செருகி, வரைபடச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். "எவ்வளவு சொல்லட்டும்?" என்றாள். ராசப்பன் தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளந்து, "ஐந்நூறு. தேஞ்சிருக்கு, கொஞ்சம் மேலயே நிக்கும்" என்றான்.

ஐந்நூறில் சைக்கிள் மூன்றடிக்குமேல் எழும்பியது. டயரின் அடியில் வெள்ளம் உரசிக்கொண்டு ஓடியது. அவள் நிதானமாக மிதித்துப் பாதித் தூரம் போய்விட்டாள். அப்போது சடகோபன் குடைக்குள்ளிருந்து பக்கத்திலிருந்தவரிடம், கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், தபாலாபீஸ்காரரின் நிதானத்தோடு, "என்ன இருந்தாலும் இந்தப் பழசு எழுபது ரூபாய்க்கு மேல பெறாது ஓய்" என்று சொல்லிவிட்டார். சைக்கிள் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. சீட்டுவரை மூழ்கி, சந்திரம்மாள் நெஞ்சளவுத் தண்ணீரில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு திணறினாள். வாய்க்குள் வெள்ளம் போனதால் அவளால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. ராசப்பன் ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி, "முந்நூறு! நானூறு!" என்று கத்தினான். வண்டி தண்ணீருக்குள் முங்கிக் கிடந்ததால், வெள்ளத்தின் இரைச்சலில் அது எட்டவில்லை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி அமுங்கியது.

அந்தக் கரையிலிருந்து ஹபீபுல்லாவின் குரல் வந்தது. "அறுநூறு!" வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிப் பழகிய குரல், ஆற்றைத் தாண்டி வந்தது. சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. திருச்சிக்காரர் ஒருவர் அறுநூறு சொல்லி ஸ்ரீரங்கம் சும்மா நிற்பதா என்று இந்தக் கரைக்காரர்களுக்குத் தோன்றியது. பூக்காரி பாப்பாயி "எழுநூறு!" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "எழுநூற்றைம்பது!" சடகோபன் குடையை வீசி எறிந்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "ரங்கா! எண்ணூறு! எண்ணூற்றைம்பது!" என்று தாமே தம்மை மிஞ்சிக் கூவினார். ஹபீபுல்லா ஆயிரத்தொன்று என்றார். ஒரு சோடாக் கடைக்காரர், பிறந்ததிலிருந்து நூறு ரூபாயை முழுதாகப் பார்க்காதவர், உற்சாகம் தாங்காமல் "அஞ்சாயிரம்!" என்று கத்தினார்.

சந்திரம்மாள் தென்னைமர உயரத்துக்குப் போய்விட்டாள். அங்கே காற்று பலமாக இருந்தது. புடவைத் தலைப்பு கொடியாகப் பறந்தது. வரைபடச் சுருள் அவிழ்ந்து அவளை ஒரு பக்கமாக இழுத்தது. ஜனங்கள் மேலே பார்த்துக் கைதட்டினார்கள். ராசப்பனுக்கு மட்டும் கைதட்ட முடியவில்லை. அவளைப் பாலத்தில் இறக்க வேண்டும். இறக்குவதென்றால் விலையைக் குறைக்க வேண்டும். சட்டென்று குறைத்தால் கல்லாக விழுவாள். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "எல்லாரும் வாயை மூடுங்க!" என்றான். இரண்டு கரையும் அடங்கின. பிறகு ஊர் பார்க்க, தன் சைக்கிளின் விலையைத் தானே குறைக்கத் தொடங்கினான்.

"நாலாயிரம்! மூவாயிரம்! ரெண்டாயிரம்!"

அவள் மெதுவாகப் பாலத்தை நோக்கி மிதித்தபடியே இறங்கினாள். ஆயிரம், எண்ணூறு, ஐந்நூறு. இப்படி விலை இறங்குவதுதான் முன்பு அவன் நெஞ்சைக் குத்தியது. இன்று குறைத்துச் சொல்லச் சொல்ல அவன் குரல் தெளிந்துகொண்டே வந்தது. "அதுல ஒண்ணும் இல்ல! பிரேக் கட்டை தேஞ்சிருக்கு! இருநூறு! பின்டயர் மாத்தணும்! நூத்தி எண்பது! சீட்டு ஒரு பக்கம் தொங்குது! நூத்தி எழுபது! சங்கிலி நீண்டுபோச்சு! நூத்தி அறுபத்தஞ்சு!" பாலத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "நூத்தி அம்பத்தெட்டு!" என்று அவன் சொன்னபோது, அந்தக் கரையில் இரண்டு சக்கரமும் குலுங்காமல் தரையைத் தொட்டன. சந்திரம்மாள் திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டவில்லை, நேரமாகிவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு போய் நின்று, காவிரி குடகில் பிறந்து கடலில் கலக்கும் வரையிலான போக்கைப் பாடமாக நடத்தினாள். வரைபடத்தில் ஆறு ஏற்கனவே நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்ததால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. இன்ஸ்பெக்டர் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டார்.

தண்ணீர் வடிந்த மறுநாள் ஹபீபுல்லா கடைக்கு வந்து ஆயிரத்தொரு ரூபாயை எடுத்து வைத்தார். சபையில் சொன்ன சொல் சொல்தானே என்றார். சோடாக் கடைக்காரர் மூன்று நாள் கடை திறக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. ராசப்பன் பணத்தைத் திருப்பி நகர்த்தினான். "அன்னிக்கு நீங்க சைக்கிளுக்கா சொன்னீங்க, பாய்?" என்று கேட்டான். ஹபீபுல்லா கொஞ்சம் யோசித்தார். "இல்ல தம்பி" என்றார். "அப்ப எடுத்து வைங்க." அவர் எடுத்து வைத்துக்கொண்டார். "ஆனா என்னிக்காவது கொடுக்கிறதா இருந்தா, மொதல்ல எனக்குத்தான் சொல்லணும், சந்திரா தங்கச்சி சாட்சி" என்று சொல்லி, ஒரு சின்ன மல்லிகை அத்தர் குப்பியை அவளிடம் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தவை அதிகமில்லை. சந்திரம்மாள் டீச்சரானாள். சமயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். தினமும் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி அதே வண்டியில் போய்வந்தாள். நயா பைசா வந்த வருஷம் சைக்கிள் ஒரு வாரம் அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவே தடுமாறிக் கொஞ்சம் ஆடியது, பிறகு பழகிக்கொண்டது. 1958இல் ஒரு பெண் பிறந்தாள். முன்கேரியரில் கூடை வைத்து அவளையும் ஏற்றிக்கொண்டு போனாள். ஹபீபுல்லா ஒவ்வொரு சித்திரையிலும் வந்து, "என்ன தம்பி, இந்த வருஷம்?" என்று கேட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். சடகோபன் ரிட்டையரானார், வெள்ளத்துக்குப் பிறகு அவர் எந்தப் பொருளுக்கும் விலை சொன்னதில்லை, கீரைக்காரியிடம்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுத்தார்.

1963இல் சந்திரம்மாளுக்கு ஸ்ரீரங்கத்திலேயே, வீட்டிலிருந்து நான்காவது கட்டடத்தில் இருந்த பள்ளிக்கு மாற்றலாகியது. சைக்கிள் இரண்டு மாதம் சுவரோரம் சும்மா நின்றது. "ஓடுறதுக்குச் செஞ்ச வண்டி, நிக்கவச்சா அதுக்கு என்னமோ போல இருக்கும்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். ஹபீபுல்லாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. டாக்டர் தினம் இரண்டு மைல் நடக்கச் சொல்லியிருந்தார், அவர் அதற்கு வேறு அர்த்தம் செய்துகொண்டு வந்திருந்தார். ராசப்பன் ஒரு முழுக் காலை நேரத்தையும் சைக்கிளின் முன்னால் குந்தியபடி செலவழித்தான். தங்கக் கோட்டில் அவள் கால் உரசி உரசி அழிந்த இடத்தைத் தடவினான். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். குடத்துக்குள் மூன்று வேகமும் இன்னும் பழுதில்லாமல் மாறின. ரிம் இரண்டும் மாற்ற வேண்டும். சட்டம் ஆயுசுக்கும் தாங்கும். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "நூத்திப் பன்னெண்டு" என்றான்.

எல்லாரும் சைக்கிளைப் பார்த்தார்கள். அது எழவும் இல்லை, அழுந்தவும் இல்லை. ஒரு மயிரிழைகூட அசையாமல் நின்றது.  ஹபீபுல்லா பணத்தை எண்ணி நீட்டினார், ராசப்பன் வாங்கிக்கொண்டான். அப்புறம் டயரில் காற்றைச் சரிபார்த்துக் கொடுத்தான்.

மூவருமாகப் பாலம் வரை நடந்தார்கள். அங்கே ஹபீபுல்லா பிஸ்மில்லா சொல்லி ஏறி, கொஞ்சம் கோணலாகத் தொடங்கி, பிறகு நேராகப் போனார். பாலத்தின் நடுவில், எதிரே வந்த யாரோ அவரை நிறுத்தி ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். அடுத்த நிமிஷம், வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டிக்கு மேலாக அவருடைய குல்லாயும், பெடலை மிதிக்கும் முழங்கால்களும் தெரிந்தன. அவர் இறங்க அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

"என்ன சொல்லியிருப்பாரு?" என்று ராசப்பன் கேட்டான்.

சந்திரம்மாள் கையை நெற்றியில் குவித்து, உயரத்தைக் கண்ணால் கணக்குப் போட்டாள். "எண்ணூறு இருக்கும்."

"ம்ஹூம். தொள்ளாயிரம்."

அவர் அந்தக் கரையில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு, இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் முருங்கைக்காய் வாங்கினார்கள். பத்துப் பைசாவுக்கு மூன்று.